டக் அவுட்டில் நின்ற பெண்

என் வயதுக்காரர்களே, டக் அவுட் என்றால் என்ன என்று உங்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். கிரிக்கெட்டில் ஒரு ரன்கூட எடுக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவது. சரிதான். ஆனால் நான் ஒன்பதாவது படித்த வருஷம் எங்கள் பள்ளி மைதானத்தில் இருந்த டக் அவுட்டில் தவளை இருந்தது. மேலே மண்ணெண்ணெய் மிதந்தது. வெயில் பட்டால் அதில் ஏழு வண்ணமும் தெரியும். ஒரு நாள் மத்தியானம் அந்தத் தண்ணீரில் ஒரு பெண் நின்றாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் மற்றதைச் சொல்லாவிட்டால் கதை விடுகிறேன் என்பீர்கள்.

அந்த வருஷம் என் அக்காவும் நானும் ஒரே வகுப்பு. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஒன்பதாவதில் பெயிலாகி என் பக்கத்து இடத்துக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் பள்ளியில் ஒன்பதாவதில் பெயிலானால் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். விட்டு வைத்தால் பத்தாவது ரிசல்ட்டைக் கெடுத்துவிடுவார்களாம்.

எங்கள் நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தார். பெயில் என்று கேட்டதும் அவர் கத்தவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாகப் போயிற்று.

"சரி வுடு. படிப்பு ஏறலன்னா இன்னா பண்றது? எறா கம்பெனில ஆள் எடுக்கறாங்கோ. அங்க போவட்டும்" என்றார்.

எறா கம்பெனி என்றால் இறால் உரிக்கிற இடம். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து அங்கே போன பெண்களுக்கு விரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அக்காவுக்குப் படிப்பின்மேல் பெரிய ஆசை என்று பொய் சொல்ல மாட்டேன். கணக்கு டீச்சர் போர்டில் எழுதும்போது இவள் ஜன்னல் வழியாகக் காக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் பத்தாவது எழுதாமல் நிற்கக் கூடாது என்று மட்டும் ஒரு பிடிவாதம்.

"பத்தாவது பாசுன்னு ஒரு தபா சொல்லிக்கணும்டி. அப்பால எறா இன்னா, நண்டு குட்தாகூட உரிக்கிறேன்" என்பாள்.

புதிதாகச் சேர்க்கிற டீமுக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் டிரில் டீச்சர் அவளுக்காக ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய் நின்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். பக்கத்துப் பள்ளிகளோடு நடக்கிற சோனல் மேட்ச் வரைக்கும் அவள் வகுப்பில் உட்காரட்டும். டீம் ஜெயித்து டிஸ்ட்ரிக்டுக்குப் போனால் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும். தோற்றால் மறுநாளே டி.சி. இப்படியாக என் அக்காவின் பத்தாவது வகுப்பு ஒரு பந்தாட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அந்த ஆட்டம் பேஸ்பால். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. டிரில் டீச்சர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரருக்கு டோல்கேட் பக்கம் மொத்த வியாபார மளிகைக் கடை. கோடை விடுமுறையில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போனவர் திரும்பி வரும்போது ஒரு மட்டை, சில பந்துகள், படம் போட்ட ஒரு ரூல் புத்தகம் இவற்றோடு வந்தார். எங்களுக்கு அது கிட்டிப்புள்ளும் கோகோவும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. அடிக்க வேண்டும், அடித்துவிட்டு ஓட வேண்டும். ஓடி ஓடி நான்கு மூலையையும் தொட்டுவிட்டு வந்தால் ஒரு ரன். அடித்த பந்தை யாராவது தரையில் விழாமல் பிடித்தால் அடித்தவள் அவுட். மூன்று பேர் அவுட்டானால் மட்டை அடுத்த டீமுக்கு. இவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது, இவ்வளவு போதுமானதாகவும் இருந்தது.

அக்கா எப்படி டீமுக்கு முக்கியமானாள் என்றால், அதற்கு ஒரு கையுறை காரணம். வெகு நாளாக அது எங்கள் வீட்டு அடுப்படியில்தான் கிடந்தது. கப்பலில் வந்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் நைனாவிடம் கொடுத்தது. பருத்த தோல், பெரிய பெரிய விரல்கள், நடுவில் வலை மாதிரி ஒரு பின்னல். நைனா அதைக் கொண்டுவந்த அன்று ரொம்ப வருத்தப்பட்டார். "ஒத்தக் கைதாம்மே கீது. ஜோடி எங்கயோ மிஸ்ஸாயிடுச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் அந்தக் கப்பலண்டை போய் இன்னொரு கையைத் தேடியும் பார்த்தாராம். பேஸ்பாலுக்கு ஒரு கையுறைதான் உண்டு என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அம்மா அதைக் கரித்துணியாக்கிக்கொண்டாள். சோற்றுப் பானையை இறக்க அதைவிட வாகான ஒன்று எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை.

டீச்சர் காட்டிய புத்தகத்தில் அதே கையுறையைப் படத்தில் பார்த்ததும் அக்கா வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் மைதானத்துக்கு அது வந்தபோது சாம்பாரும் கரியும் மணந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. அது வலது கையில் மாட்டுகிறது. வலது கையில் மாட்டிவிட்டால் பந்தை எந்தக் கையால் எறிவது? டீமில் யாருக்கும் சரிப்படவில்லை. அக்காவுக்கு மட்டும் சரிப்பட்டது, ஏனென்றால் அவள் பீச்சாங்கைக்காரி. இடது கையால் சாப்பிட்டதற்கும் எழுதியதற்கும் அவள் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அந்தக் கைக்காரிக்கென்றே தைத்த ஒரு சாமான் எந்தக் கடலிலிருந்தோ மிதந்து எங்கள் அடுப்படிக்கு வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இனி குழி. டீச்சர் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினார். ஆட்டக்காரர்கள் தரைமட்டத்துக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏ பிள்ளைகளா, பாத்தியளா? பள்ளம் தோண்டி உக்காந்திருக்காங்க. இதுக்குப் பேரு டக்அவுட். நமக்கும் ஒண்ணு வேணும்லா?"

வாட்ச்மேனிடம் மண்வெட்டி வாங்கி நாங்களே தோண்டினோம். எங்கள் ஊர் மண் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் தோண்டினால் மணல், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஈர மணல், அதற்குமேல் மெனக்கெட வேண்டாம், தண்ணீர் தானாக வந்துவிடும். மழை ஆரம்பித்ததும் முட்டி வரைக்கும் நின்றது. முனிசிபாலிட்டி ஆள் வந்து பார்த்து, கொசு வரும் என்று திட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார். உட்காரக் குழி தோண்டிய நாங்கள் குழிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம்.

குழியை என்ன செய்வது? அதற்கும் வேலை வந்தது. ஒரு நாள் டீச்சர் ரூல் சொல்லிக்கொடுத்தார். "டக்அவுட்டுக்கு மேல கைய நீட்டிப் பந்தப் புடிக்கலாம். ஆனா உள்ள கால வைக்கப்பிடாது. கால் உள்ள போயிட்டுன்னா கேட்ச் செல்லாது, கேட்டியளா?" நாங்கள் எல்லாரும் கேட்டோம். ஆனால் தெருவில் அண்ணன் தம்பிகளோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்த எங்களுக்கு உலகத்தில் ஒரே டக் அவுட்தான். ஒன்றும் எடுக்காமல் அவுட்டாகிறவள் டக். அவள் போய் நிற்க வேண்டிய இடம், அதனால் இதற்கும் டக் அவுட் என்று பெயர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அன்றிலிருந்து ஒரு மூலையைக்கூடத் தொடாமல் அவுட்டானவள் குழிக்குள் இறங்கித் தங்கள் டீமின் ஆட்டம் முடியும்வரை தண்ணீரில் நிற்க வேண்டும் என்று ஆயிற்று. புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது என்று உறுதியாக நம்பினோம். டீச்சர் சொன்னது தோண்டிய பள்ளம் என்று அர்த்தமாகிற வேறொரு இங்கிலீஷ் வார்த்தை என்பது வெகு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் குழியில் அதிகம் நின்றது நான்தான். தவளைகளுக்கு என்னை அடையாளம் தெரியும்.

டீச்சர் இதைக் கண்டுபிடித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருத்துவார் என்று பார்த்தால், "கெடக்கட்டும்ட்டி. தண்ணியில நின்னாத்தான் அடுத்த வாட்டி ஒழுங்கா ஆடுவிய" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் திருத்தியிருந்தால் நான் சொல்ல இந்தக் கதையே இருந்திருக்காது.

சோனல் மேட்சுக்கு ராயபுரத்துப் பள்ளி எங்கள் மைதானத்துக்கு வந்தது. கடற்காற்று கருவாட்டு வாசனையோடு அடித்தது. காற்று வடக்கிலிருந்து அடித்தால் ஏதோ ஒரு கம்பெனி வாடை கண்ணை எரிக்கும். அவர்களில் பாதிப் பேர் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். நாங்கள் வெறுங்கால். அம்பயராக வந்தவர் வேறொரு பள்ளியின் பி.டி. சார், குடையை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு எல்லாருக்கும் கை கொடுத்தார். எங்கள் கேப்டன் பெரிய மனுஷி மாதிரி எதிர் டீமிடம் போய், "டக்கு ஆனா இந்தக் குழில நிக்கணும். அதான் ரூலு" என்று சொன்னாள். அவர்களுடைய மிஸ் குழியைப் பார்த்தார், எங்கள் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வேறு எங்கோ பார்த்தார்.

"உங்க கிரவுண்டு, உங்க ரூல்" என்று சொல்லிவிட்டார் அந்த மிஸ்.

அம்பயர் சாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க வேணா நிக்கட்டும். ஆட்டத்துக்குள்ள வராம இருந்தா சரி" என்றார்.

முதல் பாதி ஆட்டத்தைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. கடைசி முறை அவர்கள் மட்டை பிடிக்கும்போது நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தோம். அவர்களுக்கு இரண்டு பேர் அவுட். அதில் ஒருத்தி ஒரு மூலையைக்கூடத் தொடவில்லை. ஒல்லியான பெண். பேசாமல் ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். பாவாடையை இரண்டு கையாலும் முட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குழியில் இறங்கி நின்றாள். தவளை ஒன்று குதித்தது, அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அடுத்து வந்தவள் அவர்களிலேயே உயரமானவள், ஏற்கெனவே பந்தைக் காம்பவுண்டு சுவர் வரைக்கும் அனுப்பியவள். அவர்களில் இரண்டு பேர் வேறு மூலைகளில் ஓடத் தயாராக நின்றார்கள். இவள் ஒன்று நன்றாக அடித்தால் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள், கதை முடிந்தது. அக்கா குழிக்குப் பக்கத்து மூலையில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கையுறையின் பின்னலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

மட்டை பட்டது. பந்து முன்னால் போகவில்லை. செங்குத்தாக ஏறி, கோட்டுக்கு வெளியே சாய்ந்து, குழிப் பக்கம் போனது. அது கீழே விழுந்தால் ஒன்றும் இல்லை, அந்த உயரமானவள் மறுபடி அடிப்பாள். பிடித்துவிட்டால் மூன்றாவது அவுட், மேட்ச் எங்களுக்கு.

அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். கீழே பார்க்கவே இல்லை. "குழிடீ! குழி!" என்று நாங்கள் எல்லாரும் கத்தினோம். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. விளிம்புக்கு வந்தவள் நின்றுவிட்டாள், ஆனால் உடம்பு நிற்கவில்லை. கை நீண்டு, இடுப்பு வளைந்து, தலை குழிக்கு மேலே போய்விட்டது. இன்னும் ஒரு நொடியில் கால் உள்ளே போயிருக்கும். அப்போதுதான் அந்த ஒல்லிப் பெண் இரண்டு கையையும் தூக்கி அக்காவின் விலாவில் கொடுத்து அப்படியே தாங்கிக்கொண்டாள். அவளுடைய பாவாடை தண்ணீரில் விழுந்து மிதந்தது. பந்து கையுறைக்குள் வந்து விழுந்த சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

யாரும் அசையவில்லை. அக்கா சுவரில் சாய்த்த ஏணி மாதிரி அவள்மேல் சாய்ந்து கிடந்தாள். அம்பயர் சார் ஓடி வந்து, "அப்படியே இரு, அசையாத" என்று குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கச் சொன்னார். பிறகு மற்றக் கால். இரண்டு பாதத்திலும் காய்ந்த மணல் ஒட்டியிருந்தது. ஈரம் இல்லை. எங்கள் குழியில் தண்ணீர் இருந்ததால் யாரும் பொய் சொல்ல முடியாமல் போயிற்று.

அவர் கையைத் தூக்கினார். "அவுட்."

ராயபுரத்து மிஸ் வேகமாக வந்தார். "அது எப்படி சார்? எங்க பொண்ணு அவளப் புடிச்சிக்கிட்டா. இல்லன்னா உள்ள வுழுந்திருப்பா. கேட்ச் எப்படி செல்லும்?"

"செல்லும்மா. விழாம யாராவது தாங்கிப் புடிச்சாலும் செல்லும். சொந்த டீமா இருந்தாலும் சரி, எதிர் டீமா இருந்தாலும் சரி. ரூல்லயே போட்டிருக்கு."

எங்கள் டீச்சரே வாயைப் பிளந்தார். அவர் புத்தகத்தில் அதுவரை படித்திருக்கவில்லை போலும். அந்த ரூல் இன்றைக்கும் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் எத்தனையோ தடவை இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதிர் டீம் என்று ஏன் எழுதினார்கள்? ஒருவரும் செய்யாத காரியத்துக்கு யாரும் ரூல் போட மாட்டார்கள். ஆக, எங்கேயோ, எந்த ஊரிலோ, முன்பின் தெரியாத எதிராளி ஒருவன் விழப் போகிறவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்திருக்கிறார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசி, தாங்கியது தப்பில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவரைப் பார்த்தால் ஒரு வணக்கம் வைப்பேன்.

நாங்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு குதித்தோம். கத்தினதில் எனக்குக் குரல் போய்விட்டது. டிரில் டீச்சர் அழுதார். குழிக்குள் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், ஏறி வா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய மிஸ் எல்லார் எதிரிலும், "உன்ன யாருடி தொடச் சொன்னது? ஒதுங்கி நிக்கத் தெரியாதா? இன்னொரு பால் கெடச்சிருக்கும்ல?" என்று கத்தினார். அந்த மிஸ்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் டீமிலும் யாருக்காவது ஒரு டி.சி. காத்திருந்திருக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரம் கழித்துக் குழாயடியில் அவள் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாத்துக்கு என்னப் புடிச்ச?" என்று அக்கா கேட்டாள்.

அந்தப் பெண் தலையைத் தூக்காமலே, "நீ உள்ள வுயுந்தா தண்ணி அப்படியே மேல தெறிக்கும். எனக்கு ஸ்கூலுக்கு ஒரே பாவாடதான் கீது. நாளைக்கும் இதத்தான் கட்டிக்கினு வரணும்" என்றாள்.

அக்கா சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். அதற்குள் அவர்கள் வேன் ஹாரன் அடித்தது, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டிஸ்ட்ரிக்டில் நாங்கள் முதல் மேட்சிலேயே மண்ணைக் கவ்வினோம், அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அக்கா பத்தாவதில் இரண்டாவது தடவை தேறினாள். பத்தாவது பாஸ் என்பதால்தான் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை கிடைத்தது, ரிட்டையர் ஆகும்வரை அங்கேதான் இருந்தாள். கையுறை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நைனா கடைசிவரைக்கும் அதன் ஜோடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவாடைக் கதையை நான் சொல்லாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. "ஒரு பொண்ணு பாவாட நனையக் கூடாதுன்னு பாத்துது, இவ பத்தாவது பாஸாயிட்டா" என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

போன மாசம் அவள் பேத்தியின் காதுகுத்தில் மறுபடியும் சொன்னேன். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, இலை போட்ட இடத்திலேயே அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவ குழில நிக்கசொல்ல பாவாடைய ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சிக்கினு இருந்தா, இல்ல?"

"ஆமா."

"அப்ப என்ன எந்தக் கையாலடி புடிச்சா?"

மிதந்த பாவாடையை நான் என் கண்ணால் பார்த்தவள். இத்தனை வருஷம் அதை வாயால் சொல்லிக்கொண்டும் இருந்தவள். ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை.

"நனையக் கூடாதுன்னு நெனச்சவ எதுக்குப் பாவாடைய வுடணும்? நெசத்த சொல்ல அவளுக்கு வெக்கம்டி. புடிக்கணும்னுதான் புடிச்சா" என்றாள் அக்கா. அப்புறம் சாப்பிடாமலே இலையை மடித்தாள். "பேரு இன்னான்னு ஒரு வார்த்த கேக்கலியே நானு."

ராயபுரம் பக்கம் படித்த என் வயதுக்காரிகளே, உங்களில் யாராவது ஒருத்தி அன்றைக்கு நனைந்த பாவாடையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அக்கா இன்னும் காலடிப்பேட்டையில்தான் இருக்கிறாள். அவளுக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டும்.